நகராட்சியின் கலைத் திட்ட நிதி: செலவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

பதிவு செய்யப்படாத நான்கு பேர் கொண்ட கலைக் குழுவாக, நகராட்சி அறிவித்திருக்கும் திட்ட நிதிக்கு முதன்முறையாக விண்ணப்பிக்க இருப்பதாகவும், உங்கள் கலையின் தரத்தை மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்தில் எப்படி உணர்த்துவது என்பதே பெரிய கவலை என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தகைய விண்ணப்பங்களை எழுத உதவியும், குழுக்களில் அமர்ந்து படித்தும் பழகியவன் என்ற முறையில் என் கருத்து இது: கலையை விளக்கும் பகுதியைக் கடைசியில் எழுதுங்கள், செலவுக் கணக்கை முதலில் எழுதுங்கள். நான் படித்த வரையில், நல்ல கலைஞர்களின் விண்ணப்பங்கள் தோற்றதற்கு அவர்களுடைய கலை காரணமாக இருந்தது அரிது. என்ன நடக்கப்போகிறது, அதை யார் செய்வார்கள், எத்தனை நாள் ஆகும் என்பது விளக்கப் பகுதியில் ஒரு விதமாகவும் கணக்கில் வேறு விதமாகவும் இருந்ததே அவற்றைத் தோற்கடித்தது. கணக்கை முதலில் போடும்போது இந்த முரண் எழ வாய்ப்பே குறைவு.

அதற்கு முன், நீங்கள் விண்ணப்பிக்கும் பணம் எந்த வகையைச் சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திட்ட நிதி என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தரப்படுவது. ஓர் அமைப்பின் ஆண்டு முழுவதற்குமான வாடகைக்கும் ஊதியத்துக்கும் தரப்படும் நிறுவன மானியம் வேறு. கலைஞர் தன் விருப்பப்படி ஆய்வு செய்யவும் படைக்கவும் தரப்படும் நல்கை வேறு. பொதுக் கட்டடங்களில் கலைப்படைப்புகளை நிறுவுவதற்கான பணம் இன்னொரு தனி வழியில் வருகிறது. கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் விதியை ஃபிலடெல்ஃபியா நகரம் 1959இலும் நியூயார்க் நகரம் 1982இலும் கொண்டுவந்தன. அவ்வகைப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகளாகவே நடக்கும், அவற்றின் விண்ணப்ப முறையும் வேறு. ஒரு வகைக்கு எழுதியதை இன்னொரு வகைக்கு அனுப்பினால், தகுதிச் சரிபார்ப்பிலேயே அது நின்றுவிடும்.

முடிவெடுப்பவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில நகரங்களில் பண்பாட்டுத் துறை அலுவலரே முடிவு செய்கிறார். சில இடங்களில் வெளியாட்கள் அடங்கிய குழு பரிந்துரைக்க, நகர மன்றம் ஒப்புதல் தருகிறது. டொராண்டோவில் நகரத்தின் கலைப் பணத்தை, 1974இல் தோற்றுவிக்கப்பட்ட டொராண்டோ கலை மன்றம், அரசியல் தலையீட்டுக்கு எட்டாத தொலைவில் இருந்து, சக கலைஞர்களின் மதிப்பீட்டைக் கொண்டு பகிர்ந்தளிக்கிறது. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே 1989இல் தொடங்கிவைத்த பங்கேற்பு வரவுசெலவு முறையைப் பின்பற்றும் நகரங்களிலோ, குடிமக்களே வாக்களித்துத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சக கலைஞர் படிக்கும் விண்ணப்பத்தில் உங்கள் கலைமுறை பற்றி ஒரு பத்தி கூடுதலாக எழுதலாம். அலுவலர் படிப்பதில் நடைமுறைத் தெளிவு முன்னே நிற்க வேண்டும். வாக்காளர் படிப்பதில், தன் தெருவுக்கு இதனால் என்ன வரும் என்பது முதல் இரண்டு வரிகளிலேயே தெரிந்துவிட வேண்டும்.

அழைப்பு அறிவிப்பை அச்சிட்டுக் கையில் எழுதுகோலோடு படியுங்கள். கடைசித் தேதியை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள்; பணத்தை எந்தத் தேதிக்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. நகராட்சிப் பணம் நிதியாண்டோடு கட்டப்பட்டது. ஆண்டு முடிவுக்குள் செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அலுவலருக்கே அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். அதைவிடவும் அதிகம் சிக்கலாக்குவது, ஒப்புதல் கிடைக்கும் முன் திட்டத்தைத் தொடங்கக் கூடாது என்ற விதி. ஜெர்மன் நகரங்கள் இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன: ஒத்திகை தொடங்கினால்தான் தொடக்கம் என்பதில்லை, அரங்க வாடகைக்கோ நடிகருக்கோ ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலே தொடங்கியதாகக் கொள்ளப்பட்டு, முழு நிதியும் கைவிட்டுப் போகலாம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் முன்கூட்டியே தொடங்க எழுத்து மூலம் அனுமதி கேட்கும் வழி அங்கே உண்டு. உங்கள் நகரத்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டுத் தெளிவு பெறும் வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

கேட்பது என்றவுடன் பலர் தயங்குகிறார்கள். பொறுப்பு அலுவலரிடம் முன்னதாகப் பேசுவது சலுகை கோருவது ஆகாது. விண்ணப்பதாரரின் கேள்விகளுக்கு விடையளிப்பது அவருடைய பணியின் ஒரு பகுதி. ஆனால் "எங்கள் யோசனை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அவரால் எதுவும் சொல்ல இயலாது. "பதிவு செய்யப்படாத குழுவின் சார்பில் தனிநபர் விண்ணப்பிக்கலாமா? கருவி வாங்கும் செலவை ஏற்பீர்களா, வாடகையை மட்டுமா? உறுப்பினரின் உழைப்பைச் சொந்தப் பங்களிப்பாகக் காட்டலாமா?" என்று ஆம், இல்லை என்று விடை வரும்படி கேளுங்கள், விடையை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அழைக்காமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பதிவு பற்றி. பதிவு செய்யப்படாத குழுவுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உருவம் இல்லை. ஆகவே பணம் யாராவது ஒருவரின் பெயரில்தான் வர வேண்டும். உங்களுள் ஒருவர் தனிநபராக விண்ணப்பித்தால், திட்டம் நடக்காமல் போகும்போது பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர் ஒருவரே; வந்த தொகை அவருடைய வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படவும் கூடும் என்பதால், கணக்காளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. இரண்டாவது வழி, ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பைத் தாங்கு அமைப்பாகக் கொண்டு, அதன் பெயரில் விண்ணப்பித்து அதன் கணக்கில் பணத்தைப் பெறுவது. இதற்காக அவ்வமைப்பு நிர்வாகக் கட்டணம் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். அதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றாவது வழி சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்வது. ஒரே ஒரு திட்டத்துக்காக அவசரமாகப் பதிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டறிக்கை, பொதுக்குழு, தணிக்கை என்று பதிவுக்குப் பின் வரும் கடமைகள் திட்டம் முடிந்த பிறகும் தொடர்பவை. எந்த வழியானாலும், யார் கையெழுத்திடுவது, ஒருவர் விலகினால் அவருடைய ஊதியம் என்னாவது, படைப்பின் உரிமை யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

இனி கணக்கு. முதலில் நாள்களை எண்ணுங்கள். ஒத்திகை, களப்பணி, பொருள் தயாரிப்பு, அரங்கேற்றம், அரங்கைக் கலைத்தல், கணக்கு முடித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஓர் அட்டவணை போட்டு, ஒரு நாளுக்கான ஊதியத்தால் பெருக்குங்கள். முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் தங்களுக்குத் தாங்களே அநீதி இழைக்கிறார்கள்: ஒலிக்கருவிக்கும் அச்சுக்கும் விலை போட்டுவிட்டு, தங்கள் உழைப்புக்கு எஞ்சியதை எழுதுகிறார்கள், சிலர் சுழியமே எழுதுகிறார்கள். இது அடக்கத்தைக் காட்டுவதாக அவர்கள் நினைக்கலாம். படிப்பவர் கண்ணுக்கோ, பாதி வழியில் கூலி வேலைக்குப் போய்விடக்கூடிய ஒரு குழுவின் கணக்காகத்தான் அது தெரியும். கலைஞருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்பது நெடுநாள் போராடிப் பெற்ற ஒன்று. கனடாவில் 1968இல் ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் முன்னின்று தொடங்கிய கார்ஃபாக் என்ற கலைஞர் அமைப்பு, காட்சிப்படுத்தலுக்கான கட்டண அளவைகளை வெளியிட்டு வருகிறது. நியூயார்க்கில் 2008இல் உருவான வேஜ் என்ற கலைஞர் அமைப்பும் கண்காட்சி அமைப்புகள் தர வேண்டிய கட்டணங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஓர் அளவை இருந்தால் அதை மேற்கோள் காட்டி உங்கள் நாள் ஊதியத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால், நகராட்சியே தன் பயிற்சி வகுப்புகளுக்கு அழைக்கும் பயிற்றுநருக்கு எவ்வளவு தருகிறது என்று விசாரித்து அதையே சான்றாகக் காட்டலாம். தான் தரும் தொகையை நகராட்சி அதிகம் என்று சொல்வது கடினம்.

மற்றச் செலவு இனங்களுக்கு விலைப்புள்ளி பெறுங்கள். கணக்கில் நூறு, ஆயிரம் என்று முழுமையாக்கிய எண்களாகவே வரிசையாக நின்றால் அவை ஊகங்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். காப்பீடு, போக்குவரத்து, மாற்றுத்திறனாளிகள் வந்து பார்ப்பதற்கான ஏற்பாடு, ஒளிப்படப் பதிவு, வங்கிக் கட்டணம் ஆகியவற்றை மறந்துவிட்டுப் பின்னால் சேர்க்க முடியாது. எதிர்பாராச் செலவுக்கு ஒரு சிறு விழுக்காட்டைச் சில நிதிகள் ஏற்கும், சில ஏற்கா. அழைப்பு அறிவிப்பில் பாருங்கள்.

வரவுப் பக்கம் செலவுப் பக்கத்தைவிடக் கவனமாகப் படிக்கப்படும். நகராட்சி முழுச் செலவையும் ஏற்பது அரிது; ஒரு பகுதியை நீங்களோ வேறொருவரோ தர வேண்டியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஒத்திகை அறை, இரவல் கருவிகள், தன்னார்வலர் உழைப்பு ஆகியவற்றைப் பணமதிப்பில் காட்ட அனுமதி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தருபவரின் ஒரு கடிதம் வேண்டும். காட்டும் மதிப்பை வரவிலும் செலவிலும் ஒருங்கே எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் கூட்டுத்தொகை ஒத்துவராது.

நிதி எந்த முறையில் தரப்படுகிறது என்பது அறிவிப்பில் ஒரு சொல்லாக எங்கோ ஒளிந்திருக்கும். ஆனால் பின்விளைவு பெரிது. ஜெர்மானிய நிர்வாகம் இதை மூன்றாகப் பிரிக்கிறது, மற்ற இடங்களிலும் வேறு பெயர்களில் இவை வழங்குகின்றன. மொத்தச் செலவு 100 பங்கு, உங்கள் பங்களிப்பு 30, நகராட்சி தருவது 70 என்று கொள்வோம். திட்டம் முடிந்தபோது செலவு 90 பங்குதான் ஆனது. பற்றாக்குறையை நிரப்பும் முறை என்றால், உங்கள் 30 அப்படியே நிற்க, நகராட்சியின் தொகை 60 ஆகக் குறைந்து, 10 பங்கைத் திருப்பித் தர வேண்டும். விழுக்காட்டு முறை என்றால் 90இல் நூற்றுக்கு 70 என்ற கணக்கில் 63 பங்கு உங்களுடையது, 7 பங்கு திரும்பும். நிலைத்தொகை முறை என்றால் 70 பங்கும் உங்களிடமே இருக்கும். நுழைவுச்சீட்டு எதிர்பார்த்ததற்கு மேல் விற்றாலும், முதல் முறையில் அந்தக் கூடுதல் வருமானம் முழுவதும் நகராட்சியின் பங்கைத்தான் குறைக்கும். ஆகவே அம்முறையில் நுழைவுச்சீட்டு வருவாயை மிகக் குறைத்துக் காட்டுவதிலும் பயனில்லை, மிகைப்படுத்திக் காட்டினால் குறைவதை ஈடுகட்ட வேண்டியவர்கள் நீங்கள். கடந்த நிகழ்ச்சியின் வருகைப் பதிவையோ அரங்கின் இருக்கை எண்ணிக்கையில் பாதியையோ அடிப்படையாகக் கொண்டு எழுதி, அந்த அடிப்படையையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் ஒரு நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். சில நகராட்சிகள் தவணைகளாகத் தருகின்றன. சில, இறுதித் தவணையை அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே விடுவிக்கின்றன. செலவழித்துவிட்டு ரசீதைக் காட்டினால் மட்டுமே தருபவையும் உண்டு. அரங்க உரிமையாளரோ நிகழ்ச்சி முடிந்த மறுநாளே பணம் கேட்பார். இந்த இடைவெளியைத் தாங்கச் சேமிப்பு இல்லையென்றால், முன்பணம் தரும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். வட்டிக்கு வாங்கி ஈடுகட்ட எண்ண வேண்டாம். வட்டியைச் செலவாக ஏற்கும் நிதியை நான் பார்த்ததில்லை.

கணக்கு முடிந்ததும் விளக்கம் தானாகவே பாதி எழுதப்பட்டிருக்கும். என்ன செய்யப்போகிறீர்கள், யார், எங்கே, எப்போது, யாருக்காக என்பன முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். "சமூகத்தின் மறைந்த நினைவுகளை மீட்டெடுக்கும் ஒரு பல்துறை உரையாடல் வெளியை உருவாக்குவோம்" என்ற வரியைப் படித்தவருக்கு எதுவும் கண்முன் வராது. "மூடப்பட்ட நூற்பாலையில் வேலை செய்த பன்னிரண்டு பேரின் குரலைப் பதிவு செய்து, நாற்பது நிமிட ஒலி நாடகமாக்கி, பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தில் ஆறு மாலைகள் ஒலிக்கச் செய்வோம்" என்று எழுதினால், மதிப்பீட்டாளர் அதை மனத்தில் ஓட்டிப் பார்ப்பார், கேள்வியும் கேட்பார்: பேருந்து நிலைய இரைச்சலில் அது கேட்குமா? அந்தக் கேள்விக்கு அடுத்த வரியிலேயே விடை வைத்திருப்பவருக்கு மதிப்பெண் ஏறும். கலைத் தரத்தை நிறுவும் இடமும் இதுவே. இந்தத் திட்டத்துக்கு நீங்கள் ஏன் தகுந்தவர்கள் என்பதை, முன்பு முடித்த ஒரு வேலையைக் காட்டி இரண்டு வரிகளில் சொன்னால் போதும். உங்களைப் பற்றி நீங்களே எழுதும் அடைமொழிகளை மதிப்பீட்டாளர் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

மதிப்பீட்டு அளவுகோல்களை அறிவிப்பு வெளியிட்டிருந்தால், அவற்றின் சொற்களையும் வரிசையையும் அப்படியே உங்கள் துணைத்தலைப்புகளாக்கிக்கொள்ளுங்கள். அழகியல் நோக்கில் இது மோசம்தான். ஆனால் ஒரே மாலையில் பல விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் தாளை நிரப்பும் ஒருவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி. மாதிரிப் படைப்புகளை இணைக்கும்போது முழு நிகழ்வின் பதிவை அனுப்பாமல், இப்போதைய திட்டத்துக்கு மிக நெருக்கமான இரண்டு மூன்று நிமிடங்களை வெட்டி அனுப்புங்கள். பங்கேற்பவர்களில் குழந்தைகள் இருந்தால், அவர்களுடைய பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று எழுதாத விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம்.

நகராட்சி பணம் தருகிறது என்பதால் நகராட்சி இடத்தைத் தந்துவிட்டது என்று ஆகாது. பண்பாட்டுத் துறையின் ஒப்புதல் கடிதம் சாலைத் துறையையோ பூங்காத் துறையையோ கட்டுப்படுத்தாது. காவல், தீயணைப்பு, ஒலிபெருக்கி அனுமதிகள் தனித்தனியே பெற வேண்டியவை. பிறர் இசையைப் பயன்படுத்தினால் அதற்கான உரிமம் வேறு. இடத்தின் பொறுப்பாளரிடமிருந்து "கொள்கை அளவில் ஆட்சேபம் இல்லை" என்ற ஒரு கடிதத்தையாவது பெற்று இணைத்தால், விண்ணப்பம் ஒரு படி மேலே நிற்கும்.

சுவரோவியம், சிற்பம் போல நிலைத்து நிற்கும் படைப்பானால், அதைப் பின்னாளில் பராமரிப்பவர் யார், அகற்றுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை நிதி ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகக் கலைஞருக்குள்ள தார்மிக உரிமையை, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1928ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து ஏற்றிருக்கிறது. அரசே பணம் கொடுத்து வாங்கிய படைப்புக்கும் இவ்வுரிமை உண்டு என்பதற்குச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு: தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் அகற்றப்பட்டுச் சேதமுற்ற அவருடைய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தருமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற தீர்ப்பு அது. அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் ஒப்பந்தத்தில் இரண்டு வரி. தார்மிக உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஏதேனும் வாசகம் இருந்தால், கையெழுத்துக்கு முன் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

விண்ணப்பம் எழுதித் தருகிறோம், கிடைக்கும் நிதியில் இத்தனை விழுக்காடு தாருங்கள் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தச் செலவு திட்டத்தின் தொடக்கத்துக்கு முந்தையது என்பதால் பெரும்பாலும் கணக்கில் காட்டவும் முடியாது. உங்கள் கலைத் துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரிடம் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் திட்டத்தை வாய்மொழியாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

கேட்டதில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் ஒப்புதலாகும் என்பதற்கு இப்போதே தயாராகுங்கள். மகிழ்ச்சியில் உடனே ஏற்றுக்கொண்டு, பழைய திட்டத்தைக் குறைந்த பணத்தில் செய்ய முயல்வதே வழக்கம். குறைவது எப்போதும் கலைஞரின் ஊதியம்தான். அப்படிச் செய்யாமல், மேலே சொன்ன ஒலி நாடகம் என்றால் ஆறு மாலைகளை நான்காக்கி, பன்னிரண்டு குரல்களை எட்டாக்கி, திருத்திய கணக்கையும் திருத்திய விளக்கத்தையும் அனுப்பி, அதற்கு எழுத்து மூலம் இசைவு பெற்ற பிறகே ஏற்பைத் தெரிவியுங்கள். நீங்கள் எழுதிய பழைய எண்ணிக்கைகள்தான் இறுதி அறிக்கையில் உங்களை அளக்கும் கோல் என்பதால், இந்தத் திருத்தம் அவசியம்.

நிராகரிக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதுங்கள். மதிப்பெண்ணையோ குழுவின் குறிப்பையோ தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முடிவை எதிர்த்து வாதிடாமல், அடுத்த சுற்றுக்கு எதை மாற்றலாம் என்று கேட்டால் அலுவலர் மனம் திறந்து பேசுவார். ஒப்புதலானால், முதல் நாளிலிருந்தே திட்டத்துக்கென ஒரு தனி வங்கிக் கணக்கு, செலவுக் கணக்கின் வரிசை எண்படி ரசீதுகளை அடுக்கும் ஒரு கோப்பு, வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறிக்க வாயிலில் ஒருவர் ஆகிய மூன்றையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு செலவு இனத்துக்குரிய பணத்தை இன்னோர் இனத்துக்கு மாற்ற வேண்டி வந்தால், மாற்றும் முன்பே அலுவலருக்கு எழுதி இசைவு கேளுங்கள். எந்த அளவு வரை கேட்காமல் மாற்றலாம் என்பது ஒப்புதல் கடிதத்தின் நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும்.